ஊசி நம் கையில், கோப்பு யார் கையில்?

ஒரு பொதுப் பணிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் வந்தால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். மெஷினுக்குப் பொட்டு வைத்து மாலை போடுவார்கள். வந்திருக்கும் பெரியவர் பச்சைப் பட்டனை அழுத்துவார். சுற்றி நிற்கும் பெண்கள் கைதட்டுவார்கள். படம் எடுப்பார்கள். விழா முடிந்து, மெஷினோடு வந்த மெக்கானிக் ஊருக்குக் கிளம்பும் முன் அரை நாள் சொல்லிக்கொடுப்பார்: இப்படி நூல் கோர்க்கணும், இங்கே பென் டிரைவ் செருகணும், இதை அழுத்தினால் ஓடும், நின்றுபோனால் எனக்குப் போன் பண்ணுங்க. இந்த அரை நாளுக்குத்தான் ‘பயிற்சி’ என்று பெயர்.

இது பயிற்சி இல்லை. நூல் கோர்க்கவும் பட்டன் அழுத்தவும் மட்டும் தெரிந்தவள் அந்த மெஷினின் இன்னோர் உதிரிபாகம். ஒரு கூடத்தின் அதிகாரம் நான்கு இடங்களில் இருக்கிறது: டிசைனை உருவாக்கும் அறிவில், பழுது பார்க்கும் கையில், கணினியின் பாஸ்வேர்டில், கதவின் சாவியில். இந்த நான்கும் யாரிடம் இருக்கின்றன என்று கேட்டால் அந்தக் கூடம் பெண்களுடையதா, பெண்கள் வேலை செய்யும் இடமா என்பது தெரிந்துவிடும். செந்துறையிலோ ஜெயங்கொண்டத்திலோ குன்னத்திலோ இப்படி ஒரு கூடம் வரப்போகிறது என்றால், ரிப்பன் வெட்டும் முன்பே நாம் கேட்க வேண்டியது இதைத்தான்.

வீட்டுக்குள் வந்த மெஷின்

தமிழ்நாட்டில் ஏழைப் பெண்ணுக்கு ஏதாவது கொடுக்க நினைத்தால் தையல் மெஷின் கொடுப்பார்கள். கட்சிக்காரர் பிறந்தநாளுக்கும் அதுதான், வெள்ள நிவாரணத்துக்கும் அதுதான். அரசுத் திட்டம் ஒன்றும் இருக்கிறது. கணவனை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், ஆதரவற்றவர்கள் முதலானோருக்கு இலவசத் தையல் இயந்திரம் தரும் அந்தத் திட்டத்துக்குச் சத்தியவாணி முத்து அம்மையாரின் பெயர். அவர் யார்? அண்ணாவின் அமைச்சரவையில் இடம்பெற்ற தலித் பெண். திமுகவை விட்டு வெளியேறித் தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் என்று தனிக்கட்சியே தொடங்கியவர். 1979இல் மத்திய அமைச்சரானவர். மேடையில் பேசி, கட்சி கட்டி, டெல்லிவரை போன ஒரு பெண்ணின் பெயரை, வீட்டு மூலையில் உட்கார்ந்து மிதிக்கும் ஒரு மெஷினுக்கு வைத்திருக்கிறோம். மெஷின் வாங்கிய பெண்களை நான் குறை சொல்லவில்லை. அந்த மெஷினால் பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டியவர்களை எனக்குத் தெரியும். ஆனால் ‘வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்கலாம்’ என்ற வாக்கியத்தில் யாருக்கு வசதி என்று கேட்காமல் விட்டுவிட்டோம். சோறு பொங்குவது நிற்கவில்லை, மாமியாருக்கு மாத்திரை கொடுப்பது நிற்கவில்லை. நடுநடுவே தைத்தாள். அதற்குக் ‘கைச்செலவுக்கு ஆகும்’ என்று பெயர் வைத்தார்கள்.

கூட்டாகத் தைப்பதும் நமக்குப் புதிதில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் இலவசச் சீருடைகளைச் சமூக நலத்துறையின் கீழ் இயங்கும் மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள்தான் தைக்கிறார்கள். சங்கத்தில் வெட்டிய துணியை வாங்கிப்போய் வீட்டில் வைத்துத் தைத்து, திருப்பிக் கொடுத்து, உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறார்கள். இதுவும் கூட்டுறவுதான். ஆனால் அளவு, வெட்டு, விலை இவற்றையெல்லாம் மேலே முடிவு செய்துவிடுவார்கள். தைப்பது மட்டும் கீழே வரும். கம்ப்யூட்டர் மெஷின் வந்த பிறகும் இதே ஏற்பாடு தொடர்ந்தால், பழைய கூலிக்குப் புதிய மெஷினை ஓட்டுவதுதான் மிச்சம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டத்தைக் கொண்டுவந்தபோது, அது குலத்தொழிலை நிலைநிறுத்தும் என்று தமிழ்நாடு எதிர்த்தது. சரியான எதிர்ப்பு. குடும்பத்தொழில் என்ற நிபந்தனை இல்லாமல் கலைஞர் கைவினைத் திட்டத்தை மாநில அரசு தொடங்கியது. அப்பன் தொழிலை மகன் செய்தே ஆக வேண்டுமா என்று கேட்கத் தெரிந்த நமக்கு, பெண் என்றால் ஊசிதானா என்று கேட்கத் தோன்றவில்லையே, ஏன்? சாதியால் வரும் தொழில் குலத்தொழில் என்றால், பாலால் வரும் தொழிலுக்கு என்ன பெயர்? ஊசி வேலை ஒன்றும் பெண்ணின் இரத்தத்தில் ஊறியதல்ல. இன்று நம் ஊர்களில் பெண்களே கற்கும் ஆரி வேலையைக் கட்ச் பகுதியில் காலங்காலமாகச் செய்தவர்கள் மோச்சி என்ற தோல்தொழில் செய்யும் சமூகத்து ஆண்கள். ஜர்தோசியும் அப்படியே. ஊசியில் காசும் பெயரும் வரும் இடத்தில் ஆண் உட்கார்ந்திருக்கிறான். காசு குறையும் இடத்தில் அது ‘பெண்களுக்கேற்ற தொழில்’ ஆகிவிடுகிறது.

மூளை எங்கே இருக்கிறது

இந்த மெஷினைத் தெரிந்துகொள்வோம். நம் ஊர்க் கூடங்களுக்கு வருவது பெரும்பாலும் ஒற்றைத் தலை மெஷின். தலையில் 12 அல்லது 15 ஊசிகள், ஒவ்வொன்றிலும் ஒரு நிற நூல். ஒரு நேரத்தில் ஓர் ஊசிதான் தைக்கும். ஊசி தன் இடத்திலேயே ஏறி இறங்கும். துணி மாட்டிய ஃபிரேம்தான் கீழே நகரும். நிமிடத்துக்கு 800 தையல் என்று ஓட்டினால், 40,000 தையல் உள்ள ஒரு பிளவுஸ் முதுகுக்கு 50 நிமிடம், நூல் அறுந்து நிற்கும் நேரம் தனி.

ஃபிரேமை எங்கே நகர்த்த வேண்டும் என்று மெஷினுக்குச் சொல்வது பென் டிரைவில் வரும் கோப்பு. சந்தையில் விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் டிஎஸ்டி என்ற வகை. டஜிமா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் மெஷின்களுக்காக வந்தது. இன்று எல்லா மெஷினும் அதைப் படிக்கும். அதில் இருப்பது வெறும் நகர்வுகள். இத்தனை பத்தில் ஒரு மில்லிமீட்டர் வலது, இத்தனை மேலே, இங்கே நிறம் மாற்று, இங்கே நிறுத்து. இது மயில், இது இலை என்று அதற்குத் தெரியாது. என்ன நிறம் என்றுகூட அதில் இருக்காது. 34 சைஸ் பிளவுஸுக்குப் போட்ட கழுத்து டிசைனை 42க்கு இழுத்தால் தையல் விலகித் துணி பல்லிளிக்கும். சுருக்கினால் தையல் நெருங்கி நூல் அறும், துணி அட்டைபோல் விறைக்கும். டிசைன் செய்தவரிடம் இருக்கும் மூலக்கோப்பு வேறு. மென்பொருளுக்கேற்ப அதன் வகை மாறும். இலை இலையாகவே அதில் இருக்கும். அளவை மாற்றினால் தையல் எண்ணிக்கையும் கூடவே மாறும்.

ஆக, டிஎஸ்டி என்பது பொங்கி இறக்கிய சோறு. மூலக்கோப்பு என்பது அரிசியும் உலையும். சோற்றை மட்டும் வாங்கிக்கொண்டிருப்பவள் ஒவ்வொரு வேளைக்கும் கடைக்குப் போக வேண்டும். வாடிக்கையாளர் ‘இந்தப் பூவை மட்டும் எடுத்துவிட்டு மணப்பெண் பெயர் போடுங்க’ என்றால், அவள் திருச்சியில் இருக்கும் டிசைன்காரருக்கு வாட்ஸப் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவர் கேட்ட காசைக் கொடுக்க வேண்டும். மெஷின் அவள் ஊரில் நிற்கிறது, அதன் மூளை வேறு ஊரில் வாடகைக்கு இருக்கிறது.

இது நேற்று தொடங்கிய கதையில்லை. 1828இல் மல்ஹவுஸ் நகரத்து ஜோசுவே ஹைல்மன் கண்டுபிடித்த எம்பிராய்டரி இயந்திரத்தில் நூற்றுக்கணக்கான ஊசிகள் ஒரே நேரத்தில் தைத்தன. கிழக்கு சுவிட்சர்லாந்தின் செயின்ட் கேலன் வட்டாரத்தில் அது குடியானவர் வீடுகளுக்குள்ளும் வந்தது. பெரிதாக வரைந்த படத்தின் கோட்டின்மேல் கம்பியை நகர்த்திக்கொண்டு ஆண் உட்கார்ந்தான். தீரத்தீர அத்தனை ஊசிகளுக்கும் நூல் கோர்த்தவர்கள் மனைவியும் பிள்ளைகளும். எம்பிராய்டரிக்காரர் என்ற பெயர் அவனுக்கு. 1863இல் ஐசக் குரோப்லி வேறு விதமான இயந்திரம் செய்தார். 1898இல் அவர் மகன் அதைத் துளையிட்ட அட்டையால் தானாக ஓடவைத்தார். அன்றிலிருந்து அட்டையில் துளை போடுவது தனித்தொழில். இன்றும் நம் ஊரில் டிசைனைக் கணினியில் போடுவதற்குப் ‘பஞ்சிங்’ என்றே பெயர். அட்டை போய்விட்டது, பெயர் நிலைத்துவிட்டது. நூல் கோர்ப்பவள் ஒருத்தி, பஞ்சிங் போடுபவர் வேறொருவர் என்ற பிரிவினையும் நிலைத்துவிட்டது.

‘பொம்பளைங்களுக்கு வராது’

பஞ்சிங் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டால் வரும் பதில், ‘அதெல்லாம் கம்ப்யூட்டர், இங்கிலீஷ், உங்களுக்குக் கஷ்டம். ஒரு பையனைப் போட்டுக்கலாம்’.

செந்துறை வட்டத்தில் நின்றுகொண்டு இந்தப் பதிலைச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். குழுமூர் அனிதா இந்த மண்ணில்தான் 1200க்கு 1176 எடுத்தாள். 2017 செப்டம்பர் 1 அன்று அவளை இழந்தோம். அறிவு இல்லாமல் இங்கே யாரும் நிற்கவில்லை. வாசலில் வைக்கும் தடையைத் தாண்ட முடியாமல் நிற்கிறார்கள். அந்தத் தடையை வைத்துவிட்டு ‘உங்களுக்கு வராது’ என்பது, கதவைப் பூட்டியவனே ‘ஏன் உள்ளே வரவில்லை’ என்று கேட்பதுதான்.

பஞ்சிங்கில் என்ன இருக்கிறது? கோடாக ஓடும் தையல், அகலமாகப் பளபளக்கும் சாட்டின், பரப்பை நிரப்பும் தையல் என்று மூன்றை முதலில் பழக வேண்டும். நிரப்பும் வரிகளுக்கு நடுவே சுமார் 0.4 மில்லிமீட்டர் இடைவெளி என்று தொடங்கி, துணிக்கேற்பக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். மேலே தைக்கும் முன் அடித்தையல் போட வேண்டும், இல்லையென்றால் வெல்வெட்டின் மயிர் பூவுக்குள் எட்டிப் பார்க்கும். தையல் துணியை இழுக்கும். திரையில் வட்டமாக வரைந்தது துணியில் முட்டையாக வரும். அதனால் இழுக்கும் திசையில் கொஞ்சம் அகலம் விட்டு வரைய வேண்டும். கடைசியாக, வழி. எங்கே தொடங்கி எங்கே முடித்தால் நூலை அதிக தடவை வெட்டாமல் ஒரே ஓட்டத்தில் போகலாம் என்று யோசிக்க வேண்டும்.

இந்தக் கடைசிக் கேள்விக்கு மார்கழி மாதத்தில் தினமும் வாசலில் விடை போடுகிறவர்கள் யார்? புள்ளி வைத்து, கை எடுக்காமல், ஒரு கோட்டில் சிக்குக் கோலம் முடிக்கிறவளுக்கு வழி பார்ப்பதைப் பற்றி யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். கோலத்தைக் கணினி மொழிக்கான இலக்கணமாக வாசித்துக் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் 1974இலேயே ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். மூவரில் இருவர் பெண்கள். நம் வாசலில் உள்ள கணக்கு அறிவியல் இதழுக்குப் போய் 50 ஆண்டுக்கு மேலாகிவிட்டது. இன்னமும் ‘கம்ப்யூட்டர் உங்களுக்குக் கஷ்டம்’ என்கிறார்கள்.

மென்பொருள் விலை அதிகம் என்பார்கள். பெரிய நிறுவனங்களின் மென்பொருள் விலை அதிகம்தான். ஆனால் இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளோடு சேர்ந்து இயங்கும் இன்க்-ஸ்டிட்ச் முழுக்க இலவசம். சாதாரண லேப்டாப்பில் ஓடும், டிஎஸ்டி கோப்பும் கொடுக்கும். ஐடிஐக்களின் பாடத்திட்டத்தில் கணினி உதவியுடன் எம்பிராய்டரி, டிசைனிங் என்று ஒரு பிரிவே இருக்கிறது. அதாவது இது முறையாகக் கற்பிக்க வேண்டிய தொழில் என்று அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. பிறகு எப்படி அரை நாளில் முடியும்?

முதல் வாரத்தில் மெஷினையே கற்க வேண்டும். ஊசியின் நீளப் பள்ளம் முன்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். பாபின் கேஸை நூலில் தொங்கவிட்டுச் சொடுக்கினால் சிலந்திபோலக் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். விழுந்துகொண்டே போனால் டென்ஷன் லூஸ், அசையவே இல்லையென்றால் டைட். ஒரு சாட்டின் கோடு தைத்துத் துணியைத் திருப்பிப் பார்த்தால், நடுவில் மூன்றில் ஒரு பங்கு வெள்ளை பாபின் நூல் தெரிய வேண்டும். துணியின் பின்னால் பேப்பர் வைக்க வேண்டும். துணி ஃபிரேமில் மத்தளம்போல் நிற்க வேண்டும், ஆனால் இழைகள் கோணக் கூடாது. தொடங்கும் முன் டிசைனின் ஓரத்தைச் சுற்றி ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் ஊசி ஃபிரேமில் மோதி உடையும். முதல் ஓட்டம் எப்போதும் கழிவுத் துணியில். எண்ணெய் விடுவதும் ஊக்கருகே சேரும் பஞ்சைத் துடைப்பதும் தினசரி வேலை. இதைக் கற்றவள் ‘நின்னுபோச்சு, போன் பண்ணுங்க’ என்று சொல்லமாட்டாள். ஏன் நின்றது என்று பார்ப்பாள்.

கூடம் எந்தத் தெருவில்?

பொது என்ற சொல்லை நம்பிவிடக் கூடாது. ஊர்ப் பொதுக்கிணறு யாருக்குப் பொதுவாக இருந்தது என்பது நமக்குத் தெரியும். 2019 தேர்தல் நாளில் பொன்பரப்பியில் தலித் மக்களின் வீடுகள் தாக்கப்பட்டது இதே வட்டத்தில்தான். கூடம் ஊர்த்தெருவின் நடுவில், யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையை ஒட்டி இருந்தால் காலனிப் பெண் எத்தனை நாள் வருவாள்? வந்தாலும் அவளுக்குத் துடைக்கும் வேலையா, ஃபிரேம் மாட்டும் வேலையா, கணினி முன் நாற்காலியா? கூடத்தைப் பேருந்து நிற்கும் இடத்தில், அரசுக் கட்டடத்தில் வையுங்கள் என்று கேட்க வேண்டும். 2021இலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அந்த உரிமைக்கு அர்த்தம் வருவது, போய்ச்சேரும் இடத்தில் ஒரு நாற்காலி இருக்கும்போதுதான்.

நேரமும் அரசியல்தான். காலை பத்திலிருந்து ஐந்து வரை என்றால், நூறு நாள் வேலைக்குப் போகிறவளும் முந்திரிக் காலத்தில் கொட்டை பொறுக்குகிறவளும் உடைக்கிறவளும் வர முடியாது. வீட்டில் வேலையாள் உள்ளவள்தான் வருவாள். மாலை நேரத்துக்கும் ஒரு முறை வேண்டும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தால் படுக்கவைக்க ஓர் இடம் வேண்டும். கழிப்பறை வேண்டும். வேகமாக ஓடும் ஊசிகளுக்கு இருபதடியில் தவழும் பிள்ளைக்குத் தடுப்பு வேண்டும். இவையெல்லாம் சலுகைகள் என்றால், மெஷினுக்கு வைக்கும் யுபிஎஸ்ஸும் சலுகைதான். மின்சாரம் போனால் மெஷின் கெட்டுவிடும் என்று கவலைப்படுகிறவர்கள், ஓட்டுகிறவள் ஒண்ணுக்கை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பற்றியும் கவலைப்படட்டும்.

மெஷின் நேரத்தை முன்பதிவு நோட்டில் எழுதி எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைக்க வேண்டும். குழுத் தலைவியின் சொந்தக்காரிக்குத் தினமும் காலை நேரம், மற்றவர்களுக்கு மிச்சம் என்று போனால், ஆண்கள் இல்லாமலே ஆணாதிக்கம் நடத்தியதாகும். பாஸ்வேர்டு குறைந்தது மூன்று பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒருத்தி வரைந்த டிசைன் அவள் பெயரில் இருக்க வேண்டும். இன்னொருத்தி அதை ஓட்டினால் ஒரு பங்கு அவளுக்குப் போக வேண்டும். கோப்பு என்பதும் சொத்து. நிலத்தில்தான் நம் பெயர் இல்லை, கோப்பிலாவது இருக்கட்டும்.

சில மறுப்புகள்

‘ஆளுக்கொரு மெஷின் கடனில் வாங்கிக்கொள்ளலாமே, எதற்குக் கூடம்?’ லட்சக்கணக்கில் விலையுள்ள மெஷினுக்கு வாராவாரம் தவணை கட்டும் பெண், எந்தக் கூலிக்கும் தலையாட்டித்தான் ஆக வேண்டும். மெஷின் அவளுடையதாக இருக்கும், அவள் கடன்காரருடையவளாக இருப்பாள். அதோடு, தனியாக உட்கார்ந்திருப்பவளிடம் விலை பேசுவது எளிது. பத்துப் பேர் ஒரு கூரையின் கீழ் உட்கார்ந்தால் ‘ஆயிரம் தையலுக்கு இவ்வளவு, குறையாது’ என்று ஒரே குரலில் சொல்லலாம். தரகர்கள் கூடத்தை விரும்பாததற்குக் காரணம் அதுதான்.

‘மெஷின் வந்தால் ஆரி போடும் பெண்களின் பிழைப்பு போய்விடும்.’ இந்தப் பயம் நியாயமானது. இரண்டு நாள் குனிந்து கையால் போடும் கொடியை மெஷின் ஒரு மணி நேரத்தில் போடும்போது கைவேலையின் விலை அடிபடும். ஆனால் மெஷினைத் தள்ளி வைத்தால் அது வராமல் போகாது, பக்கத்து ஊர் முதலாளி வாங்குவான். கைவேலை தெரிந்த பெண்ணே பஞ்சிங்கும் கற்றால், அடித்தளத்தை மெஷினில் ஓட்டி, மணியும் கல்லும் கையால் வைத்து, இரண்டுக்கும் அவளே விலை வைக்கலாம். நூலின் போக்கைக் கையால் அறிந்தவள் போடும் பஞ்சிங்குக்கும் திரையை மட்டும் பார்த்தவன் போடும் பஞ்சிங்குக்கும் துணியில் வித்தியாசம் தெரியும்.

கல்லூரியில் கணினி படிக்கும் மாணவிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் அம்மாவோ சித்தியோ ஒரு தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து உங்களைப் படிக்கவைத்திருக்கலாம். விடுமுறையில் ஊருக்கு வரும்போது அவர்கள் பக்கத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்காருங்கள். நீங்கள் செய்து கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். மவுஸ் அவர்கள் கையில் இருக்கட்டும். அவர்கள் தப்பாகக் கிளிக் செய்தால் பிடுங்காதீர்கள். ‘நான் பண்ணித் தர்றேன் கொடுங்க’ என்று சொல்லியே ஆண்கள் நம் கையிலிருந்து எத்தனை கருவிகளை வாங்கிப்போனார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை மெஷினுக்கு மாலை போடும்போது கைதட்டலாம், தவறில்லை. ஆனால் கூட்டம் கலையும் முன் ஒருத்தி எழுந்து கேட்க வேண்டும்: பஞ்சிங் வகுப்பு எந்தத் தேதியில் ஆரம்பம்? சொல்லிக்கொடுப்பது யார்? சாவி யாரிடம்? பதிலை எழுத்தில் வாங்கிய பிறகு பச்சைப் பட்டனை அழுத்தலாம்.